ஆட்டுக்கறிக்குள் இருந்த சன்னம்

என் செல்லப் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை நான் லா சப்பல் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் கேட்டேன். எழுதி அனுப்பினால் அப்பா கண்ணாடி தேடிக் கண்டுபிடிக்க ஒரு கிழமை ஆகும் என்றுதான் நீ எப்போதும் பேசி அனுப்புகிறாய். ஆனால் கைபேசியின் சத்தத்தைக் குறைக்கவும் அப்பாவுக்குத் தெரியாது என்பதை மறந்துவிட்டாய். "அப்பா, வாழ்நாள் முழுக்க ஒரேயொரு கலிபர்தான் வைச்சிருக்கலாம் எண்டால் எதை எடுக்கிறது? பண்டிக்கும் காணவேணும், பெரிய மானுக்கும் காணவேணும். சனிக்கிழமைக்குள்ளை சொல்லுங்கோ" என்ற உன் குரல் மரக்கறிக் கடை முழுக்கக் கேட்டது. கடைக்காரத் தம்பி தராசைப் பிடித்தபடியே, "என்ன அண்ணை, பிள்ளை கார் வாங்கப்போகுதோ?" என்றான். "இல்லையடாப்பா, துவக்கு, வேட்டைத் துப்பாக்கி" என்றேன். "துவக்கோ? ஆரைச் சுட?" "மருமோனைத்தான். கலியாணம் முடிஞ்சு எட்டு மாதமாச்சு. இனியும் என்னத்துக்கு வைச்சிருக்கிறது?" பக்கத்தில் புடலங்காய் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா இரண்டடி தள்ளிப் போய் நின்றார். ஆகவே, லா சப்பலில் உன்னைப் பற்றி ஏதாவது கதை அடிபட்டால் அது எங்கிருந்து கிளம்பியது என்று நீ தேடவேண்டாம்.

பகிடியை விடு. ஒரே வெடியில் விழவேண்டும், தவிக்கவிடக் கூடாது, இறைச்சி வீணாகக் கூடாது என்று செய்தியின் கடைசியில் நீ சொன்னதையும் கேட்டேன். நீ என்னிடம் கேட்டாயே, அதற்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உனக்குப் பத்து வயதான நாளிலிருந்து இந்த வீட்டில் எழுத்து சம்பந்தமான எல்லாவற்றையும் நான்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். விசாக் கந்தோரான பிரெபெக்சரிலிருந்து கடிதம் வந்தாலும் உன்னிடம், மின்சாரக்காரன் எழுதினாலும் உன்னிடம். முதல் தடவையாக நீ எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டிருக்கிறாய். அதுவும் உன் மாமனாரிடம் கேட்காமல், உன் கணவன் மத்தியூவிடம் கேட்காமல். அந்த முருங்கைக்காய்க் கட்டோடு நான்கு மாடியும் ஏறி வந்தேன், மூச்சு வாங்கவில்லை. நன்றி, பிள்ளை.

ஆனால் வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் சொன்னதும் நிலைமை மாறிவிட்டது. நீ ஆர்தென் காட்டோரம் வீடு எடுத்ததையும், மத்தியூவின் சோளத் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுது தள்ளுவதையும், ஊரில் எல்லாரும் சேர்ந்து பன்றி கலைப்பதையும் அவள் இதுவரை ஏதோ தொலைக்காட்சி நாடகம் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ பெர்மி என்கிற வேட்டை அனுமதிப் பத்திரத்துக்குச் சோதனை பாஸ் பண்ணியதைக்கூட, "நேர்ஸ் வேலையிலை இருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு" என்றதோடு விட்டாள். இப்போது துவக்கே வருகிறது என்றதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "இஞ்சேருங்கோ, துவக்குக்குப் பயந்துதான் நான் கடல் தாண்டி வந்தனான். துவக்கு இருக்கிற வீட்டிலை பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன். நவம்பருக்கு அங்கை போறதெண்டால் நீங்கள் தனியப் போங்கோ." நவம்பரில் உன் வீட்டில் மூன்று நாள் நிற்பதற்கு அவள் போர்வை எல்லாம் தோய்த்து வைத்திருந்தாள், தெரியுமா? அந்தப் போர்வையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். எனக்கு இரண்டு வேலை வந்து சேர்ந்தது. எந்தக் கலிபர், எந்தத் தோட்டா அளவு என்று உனக்குச் சொல்லவேண்டும், உன் அம்மாவை உன் வீட்டு வாசல் தாண்ட வைக்கவேண்டும். இரண்டாவதோடு ஒப்பிட்டால் முதலாவது லேசு.

சம்பந்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் வீட்டு வழக்கம் நல்ல வழக்கம். பெர்மி எடுத்தவருக்கு வீட்டில் மூத்தவர் ஒரு துவக்கு வாங்கிக் கொடுப்பார், ஒன்றே ஒன்று, அதோடு சரி. மத்தியூ இன்றைக்கும் தன் தாத்தா கொடுத்ததைத்தான் தோளில் போடுகிறான் என்று நீ சொன்னாய். மருமகளுக்கும் அதே மரியாதையைச் செய்கிற மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சனிக்கிழமை கடையில் நீ வாய் திறக்காவிட்டால், அவர் தன்னிடம் இருக்கிற, வேகமான தோட்டா போடுகிற அதே முந்நூறு மாக்னத்தையே உனக்கும் எடுத்துத் தருவார். துவக்கு ஒரு தோட்டாவுக்கென்றே செய்யப்படுகிறது. உன் அம்மா மாதிரி, கண்டதையும் வாயில் வைக்காது. ஒருமுறை தெரிவு செய்தால் ஆயுசுக்கும் அதுதான்.

நான் வாழ்க்கையில் ஒரு வெடியும் வைத்ததில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும் என்று மத்தியூ கேட்டால் இதை வாசித்துக் காட்டு. வேட்டைக்காரருக்குத் தோட்டாவிலிருந்து சன்னம் புறப்படுகிற இடம் தெரியும். எனக்கு அது போய் நிற்கிற இடம் தெரியும். இருபத்திரண்டு வருடம் லா கூர்னெவில், ஒரு வேட்டை இறைச்சிக் கூடத்தின் குளிர் அறைகளுக்கு நடுவில், தோல் உரித்த மானும் பன்றியும் கொக்கியில் தொங்கிவர, அவற்றை மேசையில் போட்டு வெட்டினேன். செப்டெம்பர் தொடங்கினால் பெப்ரவரி வரைக்கும் நிற்க நேரமிருக்காது. ஊருக்கெல்லாம் நான் றெஸ்ரோரண்டில் 'குசினி வேலை' என்று சொன்னேன். உன் அம்மாவுக்கும் அதுதான் சொன்னேன். அவள் வீட்டில் ஆடு, கோழி, மீன் தவிர வேறொன்றும் உள்ளே வராது, காட்டு இறைச்சி என்றால் வாசலிலேயே தண்ணீர் தெளிப்பார்கள். வீடு திரும்பும்போது கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் கையை எலுமிச்சம்பழத்தால் தேய்ப்பேன். எலுமிச்சை வாசம் பிடித்து அவள், "நல்ல சுத்தமான குசினி போலை" என்பாள். பொய்க்கு இப்படி ஒரு நற்சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

அந்த மேசையில்தான் தோட்டாக்களைப் படித்தேன். நாங்கள் பத்றோன் என்று கூப்பிடுகிற முதலாளி வேட்டைக்காரர், ஒவ்வொரு உடலுக்கும் சுட்டவர் எந்தக் கலிபர் பாவித்தார் என்று சீட்டுக் கட்டி வைப்பார். சில மாதத்தில் எனக்குச் சீட்டே தேவைப்படவில்லை. விரைவான மாக்னம் சன்னம் கிட்டத்தில் பட்டால், பழுத்த பிலாப்பழத்தைச் சுத்தியலால் அடித்தது போலிருக்கும். முன்சப்பைத் தோள் இறைச்சி முழுவதும் இரத்தம் கட்டிக் கறுத்து, வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. சன்னமோ உள்ளே போய்ச் சிதறி, துண்டு துண்டாக எங்கெங்கோ ஒளிந்திருக்கும். முந்நூறு மீற்றருக்கு அப்பால், மலைச்சரிவில் நிற்கிற மிருகத்துக்கு அது நல்ல சாமான் என்று பத்றோன் சொல்வார். ஆனால் ஆர்தெனில் பற்றைக்குள் இருந்து பன்றி பாய்வது உனக்கு முப்பது மீற்றரில், நாற்பது மீற்றரில். மற்றப் பக்கத்தில், ஒரு வயதான காட்டுக் காவலர் மாதத்துக்கு இரண்டு பன்றி கொண்டுவருவார். உள்ளே போன இடம் ஒரு விரல், வெளியே வந்த இடம் இரண்டு விரல், இறைச்சி பால் மாதிரிச் சுத்தம். பாரமான, மெதுவான சன்னம். பிரெஞ்சுக்காரர் அந்தக் கலிபரை 'நெஃப் துறுவா' என்பார்கள், ஒன்பது தசம் மூன்று. நான் வேலை செய்த லா கூர்னெவ் இருக்கிற தொண்ணூற்று மூன்றாம் மாவட்டத்தையும் எல்லாரும் நெஃப் துறுவா என்றுதானே சொல்வார்கள்! அந்தக் காரணத்துக்காகவே எனக்கு அது சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது.

இனி உன் பல்லுக் கதை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் என் வாயால் மன்னிப்புக் கேட்டு ஒருநாளும் சொன்னதில்லை. உன் பத்தாவது பிறந்தநாள். பாரிஸ் புறநகர் ஸ்தேனில் ஒரு சின்ன மண்டபம் எடுத்தோம், அறுபது பேர். பத்றோன் இரண்டு மான் தொடை தந்தார், பிறந்தநாள் பரிசு. நான் அதை எலும்பு நீக்கி, ஆட்டுத் துண்டு அளவில் வெட்டி, "லா சப்பலிலை புதுசா ஒரு ஆட்டுக் கடை" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் பெருஞ்சீரகமும் மிளகும் தூக்கலாகப் போட்டு வைத்த கறி, பிள்ளை, இன்றைக்கும் என் நாக்கில் நிற்கிறது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, எந்தக் கடை ஆடு? பஞ்சு மாதிரிக் கிடக்கு!" அவள் பெருமையோடு என்னைக் காட்டினாள். நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தெருப் பெயர் சொன்னேன். மூன்று பேர் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொண்டார்கள்.

அப்போதுதான் நீ 'கடக்' என்று எதையோ கடித்தாய். முன்பல்லில் ஒரு மூலை போய்விட்டது. உன் உள்ளங்கையில் இரத்தத்தோடு ஒரு செப்புத் தகட்டுத் துண்டு, பூ இதழ் போல வளைந்து. மாக்னம் சன்னத்தின் மேலுறை. இரண்டு தொடையையும் விரலால் தடவித் தடவித்தான் பார்த்தேன், அந்த ஒன்று தப்பிவிட்டது. உன் அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஊரில் போருக்குள் வளர்ந்தவளுக்குச் சன்னத் துண்டைத் தெரியாதா? அறுபது பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பாரிசிலை ஆட்டைச் சுட்டே கொல்லுறவை?" சிலர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்கள், இரண்டு பேர் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டதையும் நான் கண்டேன். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், மான், லா கூர்னெவ், எலுமிச்சம்பழம், எல்லாம். அன்றிலிருந்து பதினொரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் உன் மூலம்தான் கேட்டேன்.

நான் தலை குனிந்திருந்த அந்த நாட்களில் நீ செய்ததைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, நீ அந்தச் செப்புத் துண்டை நெருப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கொண்டு போனாய். உடைந்த பல்லைக் காட்டிச் சிரித்தபடி, "என் அப்பா மிருகங்களின் உடம்பிலிருந்து சன்னம் எடுக்கிறவர்" என்று சொன்னாயாம். அடுத்த மாதம் நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது உன் ஆசிரியை எழுந்து நின்று கை கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் முடிந்ததும் மெதுவாகக் கிட்ட வந்து, "மிஸ்யே, என் பூனைக்கு முடி கொட்டுகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அவர் என்னை மிருக வைத்தியர் என்று நினைத்துவிட்டார்! நானும் விடவில்லை, நல்லெண்ணெய் தடவச் சொன்னேன். வெளியே வந்து உன்னைக் கேட்டேன், "ஏன் பிள்ளை, அப்பா இறைச்சி வெட்டுறவர் எண்டு சொல்லியிருக்கலாமே?" நீ சொன்னாய், "அதையும் சொன்னனான், அப்பா. ஆனால் நீங்கள் சன்னம் எடுக்கிறது உண்மைதானே." அன்றைக்கு கார் து நோர் வரைக்கும் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மறுநாளிலிருந்து எலுமிச்சம்பழம் தேய்க்கவில்லை. யாராவது வேலை என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளை எனக்குத் தந்த தைரியம் அது. உனக்குப் பல்லை உடைத்தேன், நீ எனக்கு நிமிர்ந்த தலையைத் தந்தாய். இந்தக் கொடுக்கல் வாங்கலில் நட்டம் யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். ஞாயிறு பின்னேரமே நான் கடிதத்தை முடித்திருப்பேன். 'நெஃப் துறுவா எடு, பிள்ளை, நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற தோட்டா, இறைச்சியைக் கெடுக்காது' என்று எழுதியும் விட்டேன். எழுதியதை என் பாட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி. அந்தச் சுவரைப் பார்த்தே கேட்டாள், "அந்தப் பாரத் தோட்டா வெடிக்கேக்கை பிள்ளையின்ரை தோளிலை அடிக்காதோ? கைப்பந்து விளையாடி வலது தோள் விலகினது உங்களுக்கு ஞாபகமில்லையோ?" நான் பேனாவைக் கீழே வைத்தேன். இருபத்திரண்டு வருடம் மிருகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு, துவக்கின் மற்ற முனையில் ஒரு தோள் இருக்கிறது என்பது நினைவுக்கே வரவில்லை. என் பிள்ளையின் தோள்.

பத்றோனுக்குப் போன் எடுத்தேன். இப்போது எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும்தான் போய்விட்டது. கதையைச் சொன்னதும், "யார், அந்தப் பல்லுடைந்த சின்னப் பெண்ணா? துவக்கா?" என்று சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தப் பத்து நிமிடம். பிறகு சொன்னது இதுதான். நெஃப் துறுவா நல்லது, ஆனால் உதைக்கும். மாக்னம் இன்னும் சுருக்கென்று உதைக்கும். உதைக்குப் பயந்தவர் வெடிக்கிற நேரம் கண்ணை மூடுவார், துவக்கை இழுப்பார், மிருகத்தின் வயிற்றில் படும். அது இரண்டு நாள் காட்டுக்குள் கிடந்து சாகும். சுடுகிறவரைப் பயமுறுத்துகிற தோட்டா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சின்னத் தோட்டாதான். "உன் மகளுக்கு முப்பது-சீரோ-ஆறு எடுக்கச் சொல். கடைசி வருடங்களில் நானும் அதில்தான் சுட்டேன், என் மகன் சுடுகிறான், என் பேரன் சுடுகிறான். எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பன்றிக்கும் போதும், பெரிய கொம்பு மானுக்கும் போதும்" என்றார்.

ஆகவே என் சொந்தக்காரனைக் கைவிட்டு உனக்குச் சொல்கிறேன்: முப்பது-சீரோ-ஆறு. அதுவும் நூறு வருடம் தாண்டிய தோட்டாதான், நாளைக்கு மோஸ்தர் மாறிக் கடையில் இல்லாமல் போகிற சாமான் இல்லை. தொடக்கத்தில் உதை குறைந்த தோட்டா கேட்டு வாங்கிப் பழகு, தோள் நம்பிக்கை வைத்த பிறகு முழுப் பலத்துக்குப் போ. துவக்கு இறகு மாதிரி லேசாக இருந்தால் வேண்டாம் என்று சொல், லேசான துவக்குத்தான் கூட உதைக்கும். உன் கை அளவுக்குத் தோளில் ஊன்றுகிற மரக்கட்டையை வெட்டி, பின்னால் தடித்த ரப்பர் போடச் சொல். சம்பந்தியின் உயரத்துக்குச் செய்ததை நீ தூக்கினால் அது உன்னைத் தூக்கும். சன்னம் முழுச் செம்பில் செய்ததாக இருக்கட்டும், ஈயம் வேண்டாம். செம்பு உள்ளே போய் இதழ் விரிக்கும், ஆனால் சிதறாமல் ஒரே துண்டாக நிற்கும். உன் பல்லைப் பார்த்த வைத்தியர், ஈயத் துண்டு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகவே கூடாது என்று என்னை ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. நாளைக்கு உன் வீட்டிலும் ஒரு பிள்ளை மேசையில் இருந்து கறி சாப்பிடும். சம்பந்தி முகம் சுருக்கினால், "என் அப்பா நீங்கள் சுட்ட இறைச்சியை இருபத்திரண்டு வருடம் வெட்டி எறிந்தவர்" என்று சொல். கொஞ்சம் மரியாதையாகச் சொல். அவர் பரிசு தருகிற மனிதர், முதலில் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுச் சொல்.

இதையும் நான் சத்தமாகத்தான் வாசித்தேன். கிழவன் தனக்குத்தானே வாசிக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். கறிவேப்பிலைக் காம்புகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டாள். பிறகு கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள். "எந்தத் துவக்கு எண்டு ஏன் உங்களைக் கேட்டவள்?" என்றாள். "அவளுக்கு ஒரே வெடியிலை விழவேணுமாம், தவிக்கவிடக் கூடாதாம், இறைச்சி வீணாகக் கூடாதாம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நாங்கள் கண்ட துவக்குக்காரர் ஒருத்தரும் இப்பிடிக் கேட்டுப்போட்டுத் துவக்குத் தூக்கினதில்லை" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து அந்தப் போர்வையை வெளியே எடுத்தாள்.

நிபந்தனைகள் இருக்கின்றன, எழுதிக்கொள்ளச் சொன்னாள். நாங்கள் நிற்கிற மூன்று நாளும் துவக்கு இரும்புப் பெட்டிக்குள், சாவி மத்தியூவின் பொக்கெற்றில், அவளுடைய கண்ணில் படக்கூடாது. அந்த மூன்று நாளும் நீ காட்டுக்குப் போகக்கூடாது. கார் து லெஸ்டில் ரயில் ஏறுகிற நேரத்தை நீயே பார்த்து அனுப்பவேண்டும், அப்பா பார்த்தால் வேறு நாட்டுக்கு ஏற்றிவிடுவாராம். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். உன் பழைய மேசை லாச்சியை இழுத்து, உள்ளே கிடந்த நெருப்புப் பெட்டியை, அந்தச் செப்பு இதழோடு, என் கோட்டுப் பொக்கெற்றில் போட்டுவிட்டேன். வரும்போது கொண்டு வருகிறேன், அது உன்னிடம்தான் இருக்கவேண்டும்.

முத்திரை ஒட்டப் போகிற நேரத்தில் அவள் குசினியிலிருந்து திரும்பவும் கூப்பிட்டாள். இதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னாள், நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை: "அவளின்ரை குளிர்ப்பெட்டியிலை மான் இருந்தால் நான் வந்து கறி வைக்கிறன் எண்டு சொல்லுங்கோ. ஆனால் ஆடெண்டு சொல்லாமல், மானெண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத் தரவேணும். சொன்னாப் பிறகு நான் சாப்பிடுறனோ இல்லையோ எண்டு, முதல் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன்."

உன் அப்பா